புத்தூருக்குக் கிழக்கே, வேலி இல்லாத ஊருக்கு

1992 மார்கழிப் பள்ளி விடுமுறையில் நான் புத்தூர்ப் பக்கம் போனது ஊர் பார்க்க அல்ல. என் தங்கை மலரின் மகள் துளசியை யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் உள்ள என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். துளசிக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் வீட்டில் தங்கி, நான் கணக்குப் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்திலேயே படிப்பாள் என்பது அவள் ஏணைத் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே நானும் மலரும் கதைத்து முடித்த விஷயம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் முன்னறையைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்னால் இருந்தேன். அந்த வருடம் வாடகைப் பிள்ளைகளை வேறு இடம் பார்க்கச் சொல்லி, அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, மேசையும் வாங்கி வைத்திருந்தேன்.

புத்தூர், நிலாவரைப் பக்கம் எப்படிப் போவது என்று இந்த வலைப்பக்கத்தில் பலர் கேட்டிருக்கிறீர்கள். வழியைச் சொல்கிறேன். ஆனால் வழியோடு சேர்த்து என் வயிற்றெரிச்சலையும் கேட்கத்தான் வேண்டும். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை. படங்கள் இல்லை. அந்த நாட்களில் பிலிம் கிடைக்காது, கிடைத்தாலும் கழுவ வழியில்லை.

காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். திருநெல்வேலிச் சந்தியில் நின்றால் பலாலி வீதி வாகனங்கள்தான் வரும், அவை இந்தப் பயணத்துக்கு உதவாது. கல்வியங்காட்டுச் சந்திக்குப் போய்ப் பருத்தித்துறை வீதியைப் பிடிக்க வேண்டும். இரண்டு கிலோமீற்றர், நடந்தால் அரை மணித்தியாலம். அங்கே ஒரு மணித்தியாலம் காத்திருந்து ஒரு வான் பிடித்தேன். பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடுகிற வான். சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் நாலு சொட்டு விட்டு எஞ்சினை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். உள்ளே இருந்தவர்களுக்கெல்லாம் கண் எரியும். புத்தூர்ச் சந்திக்கு இருபது ரூபா கேட்டான் சாரதி.

"புத்தூரிலை எவடம் அக்கா?" என்று கேட்டான். சொன்னேன். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை, மலருக்குப் பிடிக்காது.

"ஓ, வேலியில்லாத ஊருக்கோ!" என்று சிரித்தான். "அங்கை ஆர்ரை கோழி ஆர்ரை முத்தத்திலை முட்டையிடுதெண்டே தெரியாதாம். உங்களுக்கு அங்கை ஆர்?"

"என்ரை தங்கச்சி."

"அப்ப நீங்கள் போய் ஒரு வேலியை அடைச்சுக் குடுத்திட்டு வாங்கோ."

எனக்கு அவன் சொன்னது விளங்கவில்லை. நான் கடைசியாகப் போனபோது அந்த ஊரில் ஆள் உயரத்துக்கு மேல் வேலி இருந்தது. யாழ்ப்பாணத்தில் வேலியில்லாத வீடு என்றால் உடுப்பில்லாத மனிதன் மாதிரி. ஒருவேளை வேலி அடைக்கும் தென்னோலைக் கிடுகு தட்டுப்பாடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வான் இருபாலை, கோப்பாய், நீர்வேலி தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவால் ஊர்ந்து, ஒன்பதரைக்குப் புத்தூர்ச் சந்தியில் இறக்கிவிட்டது.

சந்தியிலிருந்து கிழக்கே இரண்டரைக் கிலோமீற்றர் நடக்க வேண்டும். முதல் பாதி செம்மண். வெங்காயமும் புகையிலையும் பச்சைப் பசேல் என்று நிற்கும். அதற்குப் பிறகு நிலம் மெல்லச் சரிந்து, மண் நரைத்து, நெல்வயலாகி, தூரத்தில் உப்பு நீரேரி தெரியும். அந்தச் சரிவில்தான் மலரின் ஊர், இருபது வீடுகூட வராது. இந்தச் சரிவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளம் வந்தது இதனால்தான்.

இரண்டு வருடம் முந்திய மாரியில் அந்த ஊரை வெள்ளம் அடித்தது. மேலே வயல்வெளியில் இருந்த குளத்தின் கட்டு, விடாமல் பெய்த மழையில் ஒரு காலைப்பொழுது உடைந்தது. நாட்டு நிலைமையும் பள்ளிக்கூடமும் சேர்ந்து என்னைப் போகவிடவில்லை. மலர்தான் இரண்டு தடவை வந்து போனாள். வந்தவள் ஒரு விஷயத்தை மட்டும் கதைக்கவில்லை. அதைக் கவனித்தும் நான் கேட்காமல் விட்டேன். அவள் கதைக்காத விஷயம் புவனம்.

புவனம் மலரின் பக்கத்து வளவுக்காரி. என் வயதுதான் இருக்கும். புருசன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, அவளே நின்று தோட்டம் செய்கிறவள். மலர் கல்யாணம் முடித்துப் போன நாளிலிருந்து அவளோடு எல்லைச் சண்டை, பிறகு எல்லை வழக்கு. மலர் என்னிடம் வரும்போதெல்லாம் புவனத்தைத் திட்டித் தீர்ப்பாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "பிறகு அவள் என்ன சொன்னவள்?" என்று கேட்பேன். அதில் எனக்கு இருந்த சந்தோசத்தை இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது? அக்காவிடம் கொட்டத்தானே தங்கைக்கு ஒரு எதிரி வேண்டும்.

ஊருக்குள் கால் வைத்தபோது வழி தவறிவிட்டேன் என்றே நினைத்தேன். ஒழுங்கைப் பாதையே இல்லை, ஏனென்றால் ஒழுங்கைக்கு இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய வேலி இல்லை. ஒரு வீட்டு முற்றம் அடுத்த வீட்டு முற்றத்தோடு ஒட்டிக் கிடந்தது. எல்லைக்கு ஆங்காங்கே ஒரு கல், அவ்வளவுதான். நடுவில் வடிவாக வெட்டிக் கல் அடுக்கிய வெள்ள வாய்க்கால் ஒன்று நீரேரிப் பக்கம் நேராக ஓடியது. யாரோ குசினியில் மீன் பொரிப்பது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஒரு பெண் தலை துடைத்துக்கொண்டே, "மலரக்காவின்ரை தமக்கையோ? நேரை போங்கோ" என்றாள். எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது.

மலர் வீட்டு முற்றத்துக்கு வந்ததும் துளசி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "பெரியம்மா!" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை விரித்தேன். பிள்ளை என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, என்னைத் தாண்டி ஓடி, எனக்குப் பின்னால் பூசணிக்காய் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தவளின் கையிலிருந்து அதை வாங்கினாள். வந்தவள் புவனம்.

தாயின் தமக்கைதான் பெரியம்மா. துளசிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பெரியம்மா, அது நான். அந்த ஒரு சொல்லைத் தவிர எனக்கென்று சொல்லிக்கொள்ள வேறு உறவு கிடையாது. அதைப் போய் எல்லைக்காரிக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் காது சுட்டது. பிறகு துளசி வந்து என்னையும் கட்டிப்பிடித்தாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இரண்டாவதாகப் பரிமாறிய சோறு சோறுதான், முதல் பந்தி இல்லையே.

மத்தியானம் சாப்பிடும்போது மலரின் புருசன் சிவம்தான் எல்லாவற்றையும் சொன்னான். அவன் ஒளிவு மறைவில்லாத ஆள். அந்த வாய்க்கால் புதிதல்ல, பாட்டன் காலத்தில் வெட்டியது. எட்டு அடி அகலம் இருந்ததாம். வருடா வருடம் வேலி அடைக்கும்போது இரண்டு பக்கத்தாரும் வேலிக் கதியால் தடிகளைப் பிடுங்கி ஒரு சாண், அரைச் சாண் என்று வாய்க்காலுக்குள் நகர்த்தி அரக்கி நட்டிருக்கிறார்கள். உங்கள் ஊரில் இப்படி இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

"நானும் அரக்கினனான், புவனமக்காவும் அரக்கினவ," என்றான் சிவம். "ஆர் கூடுதலா அரக்கினதெண்டுதான் மச்சாள் எங்கடை வழக்கு. வாய்க்கால் எங்கை போச்செண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீதவான்கூடக் கேக்கேல்லை."

குளக்கட்டு உடைந்தபோது தண்ணீருக்குப் போக வழியில்லை. வேலிகள் அதைக் கொஞ்ச நேரம் அணை மாதிரித் தடுத்து நிறுத்திவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. தண்ணீர் வீடுகளுக்குள்ளால் போனது. துளசி அப்போது முற்றத்தில் நின்றாள். சிவமும் மலரும் தோட்டத்தில். புவனம் விழுந்த வேலிக்கு மேலால் வந்து பிள்ளையைத் தூக்கி, தன் சீலையால் இடுப்போடு கட்டிக்கொண்டு தன் வீட்டுக்கு ஏறியிருக்கிறாள். அவளுடையதுதான் உயர்ந்த அத்திவாரம் போட்ட கல்வீடு.

"கடைசி வீட்டுப் பெடியன் வெள்ளத்தோடை போயிட்டான்," என்றாள் மலர். அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "நாலு வயது. தாய் பக்கத்து வீட்டிலை எண்டு நினைச்சவ. பக்கத்து வீட்டுக்காரர் தாயோடை எண்டு நினைச்சினம். ரண்டு வீடும் கதைக்கிறேல்லை அக்கா. நடுவிலை வேலி. கேட்டுப் பாக்க ஒரு சொல்லு இல்லை."

அந்தப் பிள்ளையை நீரேரிக் கரையில் எடுத்தார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் ஊர் கூடி வாய்க்காலைத் திரும்ப எட்டு அடிக்கு வெட்டியதாம். விழுந்த வேலியை ஒருவரும் நிமிர்த்தவில்லை. நிமிர்த்த வேண்டாம் என்று யாரும் தீர்மானம் போட்டதாகவும் தெரியவில்லை. வழக்கைச் சிவமும் புவனமும் ஒரே சைக்கிளில் போய் வாபஸ் வாங்கினார்கள்.

இரண்டு வருடம் ஆகியும் வெள்ளம் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. சுவர்களில் என் நெஞ்சளவுக்கு ஒரு மண்ணிறக் கோடு இருந்தது, சுண்ணாம்பு அடித்தும் திரும்பத் திரும்ப ஊறி வந்தது. இரண்டு கிணறு தூர்ந்து, ஒன்று உவர்த்து, குடிதண்ணீருக்கு ஊர் முழுக்க ஒரே கிணறு. மேல் மண் அள்ளுண்டு போனதால் புகையிலை வருவதில்லை. இதையெல்லாம் பார்த்து நான் இரங்கியிருக்க வேண்டும். இரங்கினேன்தான். ஆனால் அந்த ஒரே கிணற்றடியில் மலரும் புவனமும் ஒருத்தி துலாக்கயிற்றைப் பிடிக்க, மற்றவள் வாளியைக் கவிழ்க்க, பேசாமலே வேலை செய்வதைப் பார்த்தபோது என் இரக்கம் எங்கோ போய்விட்டது. நானும் மலரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள், எங்களுக்கு அப்படி ஒரு கைப்பழக்கம் இல்லை.

மூன்று மணிக்கு வானம் இருண்டது. மழை இறங்கின கையோடு, புளியமரத்தில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை யாரோ அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு ஊர் எழும்பியதை நான் என்னவென்று சொல்வேன். சிவம் மண்வெட்டியோடு வாய்க்காலின் மேல் முனைக்குப் போனான். மலர் கண் தெரியாத ஒரு கிழவரைக் கூட்டிவர ஓடினாள். புவனம் தன் வீட்டுக் கதவு யன்னல் எல்லாம் திறந்து வைத்து வாசலில் நின்றாள். ஒருவரும் மற்றவருக்கு எதுவும் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஒரு வேலை இருந்தது.

துளசி பயப்படுவாள் என்று நினைத்தேன். அதுதான் என் கையில் இருந்த பெரிய துருப்புச் சீட்டு. திருநெல்வேலியில் வெள்ளம் வராது பிள்ளை, பயமில்லாமல் படுக்கலாம் என்று சொல்லிக் கூட்டிப்போக நினைத்திருந்தேன். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"பெரியம்மா, கையை விடுங்கோ," என்றாள். "எனக்கு ரண்டு கையும் வேணும்."

கடைசி வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், இறந்த பையனுக்குப் பிறகு பிறந்த ஒன்றும், அதற்கு மூத்த ஒன்றும். துளசி ஒரு துணிக்கிழிசலால் ஒன்றைத் தன் வலது மணிக்கட்டோடும் மற்றதை இடது மணிக்கட்டோடும் கட்டினாள். கட்டி, இழுத்துப் பார்த்து, புவனத்தின் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனாள். வழியில் மற்றப் பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணினாள். அதுதான் அவளுடைய வேலை. பத்து வயதுப் பிள்ளை.

நான் குடையை விரித்துக்கொண்டு புவனத்தின் வீட்டு வாசலுக்குப் போனேன். "நான் என்ன செய்ய?" என்று அவளைக் கேட்டேன்.

"நீங்கள் இருங்கோ ரீச்சர்," என்றாள் மரியாதையாக. "நனையாமல் உள்ளை இருங்கோ."

விறாந்தையில் போட்ட கதிரையில் இருந்தேன். அந்த மழை நேரம் முழுக்கச் சும்மா இருந்தது அந்த ஊரில் நானும் ஒரு கட்டிப்போட்ட ஆடும்தான். திருநெல்வேலியில் மழை வந்தால் எனக்குச் செய்ய இருப்பது யன்னலைச் சாத்துவது மட்டும். எங்கள் ஒழுங்கையில் நான் செத்துக் கிடந்தாலும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கப் பால்காரன் வரவேண்டும். இவர்களிடம் வெள்ளம் பிள்ளையை எடுத்தது, மண்ணை எடுத்தது, கிணற்றை எடுத்தது. அப்படியிருந்தும் அந்தக் கதிரையில் இருந்தபடி நான் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். புவனத்தைப் பார்த்து மட்டுமல்ல. துளசியைப் பார்த்தும்.

மழை இருளமுன் விட்டது. வாய்க்கால் முட்டி ஓடியது, ஒரு முற்றத்திலும் தண்ணீர் ஏறவில்லை. மறுநாள் காலையில் துளசியின் உடுப்புகளை அடுக்கச் சொல்லி மலரிடம் கேட்டேன். மலர் என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள். "அவளைக் கேளுங்கோ அக்கா," என்றாள். துளசியைக் கேட்டேன். அவள் முற்றத்தில் நின்ற புவனத்தைப் பார்த்தாள்.

புவனம் கிட்ட வந்தாள். "ரீச்சர் சொல்லுறது சரிதான். நல்ல பள்ளிக்கூடம்," என்றாள். பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பி, "போ பிள்ளை. பெரியம்மாவோடை போய்ப் படி. உன்ரை வேலையை நான் பாக்கிறன்," என்றாள்.

அவள் என்னைத்தான் பெரியம்மா என்றாள். எனக்கு அது இன்னும் கூடச் சுட்டது. என்னுடையதை எனக்கே அவள் எடுத்துத் தருகிறாள். அவள் 'போ' என்றால் பிள்ளை போகும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறக்கமுன் துளசி பேசினாள்.

"நான் வெயில் காலத்திலை வாறன் பெரியம்மா," என்றாள். "புத்தூர்ப் பள்ளிக்கூடத்திலை படிச்சுக்கொண்டு, லீவு விட்டவுடனை வாறன். மாரிக்கு நான் இஞ்சை நிக்கவேணும். சின்னனுகள் வேறை ஆரிட்டையும் கை குடுக்காதுகள்."

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் தோற்பேன் என்று தெரிந்தது, கணக்கு ரீச்சருக்கு அதுகூடவா தெரியாது. பத்து மணிக்குப் பூசணிக்காய்ப் பாதியும் ஒரு பை வெங்காயமும் தூக்கிக்கொண்டு தனியாகச் சந்திக்கு நடந்தேன். பூசணிக்காய் புவனம் தந்தது. வான் வர இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அதே இருபது ரூபா. சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அடுத்த சித்திரையிலும் ஆவணியிலும் துளசி வந்து அந்தக் கட்டிலில் படுத்தாள். முதல் மழைக்கு முன் திரும்பிவிடுவாள்.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் பருத்தித்துறை பஸ் ஏறினால் முக்கால் மணித்தியாலத்தில் புத்தூர்ச் சந்தி. கட்டணம் அடிக்கடி மாறுகிறது, சில்லறை கொண்டுபோங்கள். சந்திக்கு மேற்கே நிலாவரைக் கிணறு, ஓட்டோவில் ஐந்து நிமிடம். அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் திரும்பிவிடுகிறார்கள். நேரம் இருந்தால் கிழக்கே நீரேரிப் பக்கம் நடந்து பாருங்கள். நிழல் இல்லை, தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். தை, மாசி நல்ல காலம். வழியில் ஓர் ஊருக்குள்ளால் நேராக ஒரு வாய்க்கால் ஓடினால், அதற்குள் குப்பை போடாதீர்கள். மாரியில் போய் அங்கே இரும்புச் சத்தம் கேட்டால் வழியை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். உங்களை யாராவது உள்ளே கூப்பிட்டு இருத்துவார்கள். மரியாதைக்குத்தான் செய்வார்கள், என்னைப்போல மனம் கோணாதீர்கள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. 1995 ஐப்பசிக் கடைசியில், இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்கியபோது, எங்கள் வலிகாமப் பகுதியே ஒரு நாளில் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. அதுவும் மழையில். எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வீடும் தன்பாட்டுக்கு வேலிப் படலையைப் பூட்டிவிட்டுப் போனது. நான் பையோடு தனியாகச் சனத்துக்குள் இறங்கினேன். மலர் குடும்பம் சில நாள் முந்தியே ஊரை விட்டு எழும்பிவிட்டது, கோப்பாய்ப் பக்கம் ஒரு கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தச் சனத்துக்குள் யாரை எங்கே தேடுவது? விடிந்த பிறகு, கைதடிப் பக்கம், தெருவோரத்தில் ஒரு கூட்டம் வரிசையாகப் போவதைக் கண்டேன். சனம் முண்டியடிக்கும் தெருவில் வரிசை. முன்னுக்குப் புவனம், அவளுக்குப் பின்னால் மூட்டைகளோடு மலரும் சிவமும். நடுவில் துணியால் கையோடு கை கட்டிய சின்னப் பிள்ளைகள். அவர்களுக்குப் பக்கத்தில், பெயர் சொல்லிச் சொல்லி எண்ணிக்கொண்டு, பதின்மூன்று வயதுத் துளசி.

நான் கூப்பிட்டேனா, அவள் கண்டாளா, ஞாபகம் இல்லை. வரிசை நிற்கவில்லை. துளசி மட்டும் பின்னுக்கு ஓடி வந்தாள். அழவுமில்லை, கட்டிப்பிடிக்கவுமில்லை. எண்ணிக்கை தவறிவிடும் என்ற அவசரம் அவள் முகத்தில் இருந்தது.

"பெரியம்மா, நீங்கள் கடைசியிலை நில்லுங்கோ," என்றாள். "ஆராவது பின்னுக்கு நிண்டால் சத்தமாக் கூப்பிடுங்கோ. கடைசி ஆள் நீங்கள்."

நின்றேன். சாவகச்சேரி வரைக்கும் கடைசியில் நடந்தேன். இரண்டு முறை சத்தம் போட்டு ஆட்களை முன்னுக்கு அனுப்பினேன். வழியில் என்னைப்போலவே ஒரு பையோடு தனியாக வந்த பெண் ஒருத்தி எனக்குப் பக்கத்தில் வந்து, கட்டிய கைகளையும் முன்னால் போகும் வரிசையையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவள் கண்ணில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"நீங்கள் எல்லாரும் ஒரு ஊரோ?" என்று கேட்டாள்.

"ஓம், ஒரே ஊர்," என்றேன். "எனக்கு முன்னுக்கு வாங்கோ. கடைசி ஆள் நான்."